குதிரைத்திறனும் கிணற்று நீரும்

குதிரை ஏறிப் பழகாதவரும் குதிரைத்திறன் என்னும் சொல்லை அறிவர். தாம்பரம் கடைவீதியில் மோட்டார் விற்கும் கடை எதிலேனும் சிறிது நேரம் நின்றால், அரை எச்.பி., ஒரு எச்.பி., ஒன்றரை எச்.பி. என்னும் பேச்சே காதில் விழும். வாங்க வந்தவர் கொத்தனாராயினும், கல்லூரி ஆசிரியராயினும், புதுமனை புகவிருக்கும் இல்லத்தரசியாராயினும், அவ்விரண்டெழுத்து எல்லார் நாவிலும் தடையின்றி வழங்குகின்றது. ஆயின் அவ்வெழுத்துக்கள் எதனை அளக்கின்றன, எதனை அளப்பதில்லை என்று வினவின், விடை கூறத் தயங்குவோரே பலர். அவ்வளவையின் வரலாற்றையும், அஃது எம் தெருவில் வழங்கும் வகையையும், அதனையொட்டி யாம் கண்ட ஒரு நிகழ்ச்சியையும் ஈண்டு எழுத விழைகின்றோம். கணக்கு என்றவுடன் கலைப்பிரிவு மாணவர் ஏட்டைப் புரட்டிவிட வேண்டா. பெருக்கலும் வகுத்தலும் அறிந்தார்க்கு எட்டாதது இதில் ஒன்றும் இல்லை.

இயற்பியல் நூலார் வேலை, ஆற்றல், திறன் என்னும் மூன்று சொற்களையும் வேறு வேறு பொருளில் ஆள்கின்றனர். உலக வழக்கிலோ மூன்றும் சக்தி என்னும் ஒரு சொல்லுள் அடங்கிவிடுகின்றன. எம் தெருவில் குடிநீர்க் கேன் சுமப்பார் இருவர் உளர். ஒருவர் முதியவர்; மற்றவர் இளைஞர். 20 லிட்டர் கேன் ஒன்றை மூன்றாம் மாடிக்கு ஏற்ற முதியவர்க்கு இரண்டு நிமிடம் ஆகின்றது. இளைஞரோ அரை நிமிடத்தில் ஏறிவிடுகின்றார். கேனை மட்டும் கருதின், இருவரும் செய்த வேலை ஒன்றே. நிறையும் உயரமும் ஒன்றாதலின் வேலையில் வேறுபாடு இல்லை. அவ்வேலையைச் செய்ய வல்ல இருப்பு ஆற்றல் எனப்படும். அவ்வேலை எவ்வளவு விரைவில் நடந்தது என்பதைச் சொல்வது திறன். இளைஞரின் திறன் முதியவரின் திறனினும் நான்கு மடங்கு. ஆயினும் மாலையில் கூலி கொடுக்கும் கடைக்காரர் இருவர்க்கும் ஏற்றிய கேன்களை எண்ணியே கொடுக்கின்றார். விரைவுக்குத் தனிக் கூலி இல்லை. திறன் என்பது விரைவின் அளவு. இருப்பின் அளவு அன்று. இக்கட்டுரையிற் பிற யாவும் இவ்வொன்றையே பற்றி நிற்பன.

இனி, குதிரை இவ்வளவையுள் புகுந்த கதையைக் காண்போம். இங்கிலாந்து நாட்டுச் சுரங்கங்களில் ஊற்றெடுக்கும் நீரை வெளியேற்றக் குதிரைகளைப் பூட்டிச் செக்குப்போலச் சுற்றச் செய்வது பழைய வழக்கம். 1702-ஆம் ஆண்டிலேயே தாமஸ் சேவரி என்பார், தம் எஞ்சின் இத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று ஒப்பிட்டுக் காட்டினார். 1712-இல் நியூகோமன் என்பாரின் எஞ்சின் சுரங்க நீரை இறைக்கத் தொடங்கிற்று. ஸ்காத்லாந்தில் 1736-ஆம் ஆண்டு பிறந்த ஜேம்ஸ் வாட், நீராவியைத் தனிக்கலத்தில் குளிர்விக்கும் முறையால் எரிபொருட் செலவைப் பெரிதும் குறைத்து, 1769-இல் அதற்கு உரிமை பெற்றார். பின்னர் மாத்தியூ போல்ட்டனோடு கூட்டுச் சேர்ந்து எஞ்சின்களைச் செய்து விற்கலானார். வாங்க வருவோர் கேட்ட கேள்வி ஒன்றே: இஃது எத்தனை குதிரைகளுக்கு ஈடாகும்? அதற்கு விடை கூற ஓர் அளவு வேண்டியிருந்தது.

ஆலையிற் கட்டிய குதிரை 12 அடி ஆரமுள்ள வட்டத்தில் ஒரு மணிக்கு 144 சுற்றுச் சுற்றுகின்றது. சுற்றும்போது 180 பவுண்டு விசையோடு இழுக்கின்றது என்று வாட் கணக்கிட்டார். வட்டத்தின் சுற்றளவைச் சுற்றுக்களாற் பெருக்கி, விசையாற் பெருக்கி, நிமிடத்திற்கு வகுத்தால் 32,572 என வரும். அதனை 33,000 என்று முழுமையாக்கினார். ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு நிறையை ஓர் அடி உயரம் தூக்குவது ஒரு குதிரைத்திறன் என்று நிலைபெற்றது. நம் நாட்டு வழக்கிற் சொல்லின், ஒரு நொடியில் ஏறத்தாழ 76 கிலோ நிறையை ஒரு மீட்டர் உயர்த்துவது. நாள் முழுதும் உழைக்கும் சாதாரணக் குதிரை இவ்வளவை எட்டுவது அரிது. குறுகிய நேரப் பாய்ச்சலிலோ குதிரை ஏறத்தாழ 15 குதிரைத்திறன் வரை காட்டக்கூடும் என்று 1993-ஆம் ஆண்டில் இரு அறிஞர் கணக்கிட்டு வெளியிட்டனர். குதிரையே குதிரைத்திறனுக்கு ஒத்துவருவதில்லை என்பது வியப்பன்றோ!

குதிரைக்குப் பெயர் கிட்டிய பின், அதனை அளந்தவர்க்கும் ஒரு பெயர் கிட்டிற்று. 1882-ஆம் ஆண்டில் சர் வில்லியம் ஸீமன்ஸ் என்பார், மின்திறனை அளக்கும் அலகுக்கு வாட் என்று பெயரிடலாம் என முன்மொழிந்தார். ஒரு நொடியில் ஒரு ஜூல் வேலை நிகழுமாயின் அஃது ஒரு வாட். 746 வாட் சேர்ந்தால் ஒரு குதிரைத்திறன். அதாவது, முக்கால் கிலோவாட் என்று மனத்திற் கொள்ளலாம். 1960-ஆம் ஆண்டில் உலகப் பொது அளவை முறையில் வாட் இடம்பெற்றது. இன்று மோட்டாரின் தகட்டில் கிலோவாட்டும் எச்.பி.யும் அருகருகே பொறிக்கப்பட்டிருப்பினும், வாங்குவோர் கண் எச்.பி. மீதே செல்கின்றது.

நம் சிற்றூர்களில் ஆலைக்குதிரை இருந்ததில்லை. இங்கு நீர் இறைத்தவை எருதுகளும் மனிதருமே. சேலையூர், இராசகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் ஆகிய ஊர்கள் வீட்டுமனைகளாகும் முன்னர் ஏரியும் வயலும் கிணறுமாய் இருந்தவை. இத்தகைய ஊர்களில் வழங்கிய இறைவை இருவகைத்து. ஒருவர் ஏற்றமரத்தின் மீது முன்னும் பின்னும் நடக்க, மற்றவர் கீழே நின்று சாலைப் பிடித்து நீரைச் சாய்ப்பது ஏற்றம். இரண்டு எருதுகள் சரிவில் இறங்கி வடத்தை இழுக்க, தோற்சால் மேலேறி வருவது கவலை. சென்னைப் பொறியியற் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஆல்பிரட் சாட்டர்டன் என்பார், இவ்விறைவைகளுக்குப் பதிலாக எண்ணெய் எஞ்சினும் பம்பும் கொண்டு நீரேற்றலாம் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இம்மாகாணத்து உழவரிடையே பரப்ப முயன்றார். குரோம் முறையில் தோல் பதனிடும் தொழிலைச் சென்னையிற் புகுத்தியவரும் அவரே. அத்தொழிலை நடத்திய ஆலையாற் குரோம்பேட்டை பெயர்பெற்றதை நம்மிற் பலர் அறிவர். ஆகவே எஞ்சினின் திறனைக் கிணற்றோடு பொருத்திப் பார்க்கும் எண்ணம் நம் பக்கத்திற்குப் புதியதன்று.

மின்திறனின் வன்மையை இப்பக்கத்தார் நாள்தோறும் கண்ணாற் கண்டது இருப்புப்பாதையில் எனலாம். சென்னைக் கடற்கரை முதல் தாம்பரம் வரை மின்சார இரயில் 1931-ஆம் ஆண்டில் ஓடத்தொடங்கிற்று. புகையும் கரியும் இன்றி வண்டி நகர்ந்தது அக்காலத்தார்க்குப் பெருவியப்பாய் இருந்திருக்கும். நம் கல்லூரி நகரின் நெரிசலை விடுத்துத் தாம்பரத்துக் காட்டினிடையே குடிபுகுந்தது 1937-இல். இரயில் விரைவாக்கியது பயணத்தை மட்டுமன்று, குடியேற்றத்தையும் விரைவாக்கிற்று. நிலையத்துக்கு நிலையம் மனைகள் பெருகின. மனைதோறும் கிணறு வெட்டப்பட்டது. 2004-ஆம் ஆண்டில் பழைய மீட்டர் பாதை வண்டி இவ்வழியில் நின்று, அகலப்பாதை வண்டிகளே ஓடலாயின. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியும் ஆயிற்று. இவ்வளர்ச்சியின் நடுவே எம் கிணற்றின் கதையும் ஓடுகின்றது.

எம் இளமையில் சேலையூரிலிருந்த எம் வீட்டுக் கிணற்றில் இருபதடியில் நீர் நின்றது. கப்பியும் தாம்புக்கயிறும் தகர வாளியுமே கருவி. எம் அன்னையார் விடியலில் எழுந்து இறைப்பார். 10 லிட்டர் கொள்ளும் வாளியை அவர் மேலேற்ற ஏறத்தாழப் பத்து நொடி ஆகும். இருபதடியை ஆறு மீட்டர் எனக் கொண்டு கணக்கிடின், அப்போது அவர் கைகள் காட்டிய திறன் 59 வாட். ஒரு குதிரைத்திறனிற் பதின்மூன்றில் ஒரு பங்கு. உடல்நலமுள்ள மனிதர் பல மணி நேரம் இடைவிடாது காட்டவல்ல திறன் ஏறத்தாழ 75 வாட் என்று நூல்கள் கூறும். ஆகவே அன்னையார் செய்தது எளிய வேலையன்று. மனித உடலின் எல்லைக்கு அருகில் நின்று செய்த வேலை.

இன்னொரு கணக்கும் உண்டு. அதுவே எம் நெஞ்சைத் தைப்பது. நூறு வாளி இறைத்தால் 1,000 லிட்டர். வாளியை இறக்குவதும் ஊற்றுவதும் சேர்த்து வாளிக்கு அரை நிமிடம் வைப்பின், ஐம்பது நிமிடம். அவ்வைம்பது நிமிடத்து உழைப்பால் நீர் பெற்ற ஆற்றல் 58,800 ஜூல். மின்கட்டண அட்டையில் ஒரு யூனிட் எனப்படுவது 36 இலட்சம் ஜூல். ஆகவே தோளும் முதுகும் நோக, உள்ளங்கையிற் கயிறு தழும்பிட, அவர் செய்த வேலை ஒரு யூனிட்டில் அறுபதில் ஒரு பங்கு. நாம் ஒரு யூனிட்டை எண்ணாமற் செலவழிக்கும் போதெல்லாம் அத்தகைய அறுபது விடியல்களைச் செலவழிக்கின்றோம். இதனைக் குற்றமெனக் கூறுவேமல்லேம். பெண்களின் தோளினின்று இச்சுமையை இறக்கிய மின்சாரம் வாழ்க! ஆயின் இறக்கிய சுமை எத்துணைப் பெரிது என்பதை அறிந்து வைத்தல் நன்று.

யூனிட்டைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். யூனிட் என்பது திறனின் அளவன்று, ஆற்றலின் அளவு. 1,000 வாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 2016 முதல் இருமாதத்திற்கு முதல் 100 யூனிட்டைத் தமிழ்நாட்டு வீடுகள் கட்டணமின்றிப் பெறுகின்றன. அஃது எத்தனை வாட் விளக்குப் போடலாம் என்பதற்கு வரம்பன்று, எவ்வளவு ஆற்றல் செலவிடலாம் என்பதற்கே அளவு. விளக்கு வாங்குவோர் வாட்டை ஒளியின் அளவாகக் கருதுவதும் உண்டு. 60 வாட் குண்டு விளக்கு எரிந்த இடத்தில் இன்று 9 வாட் எல்.இ.டி. விளக்கு அதே ஒளியைத் தருகின்றது. குறைந்தது ஒளியன்று, விளக்கு விழுங்கிய மின்திறனே. குளிர்சாதனப் பெட்டியை ஒரு டன், ஒன்றரை டன் என்கின்றோம். அதுவும் நிறையன்று. ஓராங்கில டன்னினும் சற்றுக் குறைந்த 2,000 பவுண்டு பனிக்கட்டி இருபத்துநான்கு மணியில் உருகுங்கால் எவ்விரைவில் வெப்பத்தை உட்கொள்ளுமோ, அவ்விரைவில் அறையினின்று வெப்பத்தை அகற்றும் திறனே ஒரு டன். வாட்டிற் சொல்லின் ஏறத்தாழ 3,500. இங்ஙனம் திறன் பல வேடம் பூண்டு வீட்டினுள் உலவுகின்றது.

எம் வீட்டிற்கு அரை எச்.பி. மோட்டார் வந்த நாளில் தெருவாரிற் சிலர் வந்து பார்த்தனர். கிணற்று நீருக்கு மேல் ஆறு மீட்டர் தரை; தரைக்கு மேல் ஆறு மீட்டர் மாடித் தொட்டி. ஆகப் பன்னிரண்டு மீட்டர். மோட்டாரின் திறனிற் பாதி பம்பிலும் குழாயிலும் வீணாயிற்று என்று கொண்டாலும், 1,000 லிட்டர் தொட்டி பத்துப் பதினொரு நிமிடத்தில் நிறைந்தது. செலவான மின்சாரம் யூனிட்டிற் பத்தில் ஒரு பங்கு அளவே. அன்னையார் அன்று தொட்டியின் வழிநீர்க்குழாயினின்று நீர் கொட்டுவதைக் கண்டு, சிறிது நேரம் ஒன்றும் பேசாது நின்றார். பின்னர் விசையை நிறுத்திவிட்டு, "போதும், நாளைக்கும் வேண்டும்" என்றார். அச்சொல்லின் ஆழம் பின்னாளில் விளங்கிற்று.

ஓராண்டில் தெருவிற் பாதி வீடுகளில் மோட்டார் ஒலித்தது. சில ஆண்டுகளில் வெற்றுமனைகளில் மூன்றடுக்கு வீடுகள் எழுந்தன. கிணற்று நீர் இருபதடியினின்று முப்பதடிக்கும் அப்பாலும் இறங்கிற்று. அப்போது மேட்டில் நின்ற மோட்டார்கள் ஒவ்வொன்றாக வாயடைத்தன. இங்கு ஓர் இயற்கை விதி குறுக்கிடுகின்றது. மேலே நின்று உறிஞ்சும் பம்பு உண்மையில் நீரை இழுப்பதில்லை. குழாயினுள் காற்றை அகற்றுகின்றது. வெளிக்காற்றின் அழுத்தமே நீரை மேலே தள்ளுகின்றது. காற்றின் வன்மை பத்து மீட்டருக்கு மேல் நீரைத் தாங்காது. நடைமுறையில் ஏழெட்டு மீட்டரே எல்லை. அரை எச்.பி. மோட்டாரை நீக்கிப் பத்து எச்.பி. மோட்டாரை வைத்தாலும் இவ்வெல்லை ஓர் அங்குலமும் நகராது. எச்.பி.யைக் கூட்டினால் எதுவும் நடக்கும் என்னும் நம்பிக்கைக்கு இயற்கை இட்ட முதல் தடை இது.

தடையைக் கடக்க மக்கள் ஆழ்துளைக் கிணறு தோண்டினர். நீருக்குள்ளேயே மூழ்கி நின்று மேலே தள்ளும் சப்மெர்சிபிள் மோட்டார் வந்தது. இருநூறு அடியில் மோட்டாரை இறக்கினால், மாடித் தொட்டி வரை ஏறத்தாழ 67 மீட்டர். முன்பு பன்னிரண்டு மீட்டர். அதே 1,000 லிட்டரை அதே பத்து நிமிடத்தில் ஏற்ற ஐந்தரை மடங்குக்கு மேற்பட்ட திறன் வேண்டும், அரை எச்.பி. நின்ற இடத்தில் ஏறத்தாழ மூன்று எச்.பி. எம் வீட்டில் ஒன்றரை எச்.பி. வைத்தோம், தொட்டி நிறைய இருபது நிமிடம் ஆயிற்று. குடிப்பதும் குளிப்பதும் முன்போலவே. நீர் ஒரு துளியும் மிகவில்லை. மிகுந்தவை திறனும் செலவுமே. எம் பக்கத்தில் எச்.பி. பெருகியதை வளம் பெருகியதாகக் கருதுவோர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தல் வேண்டும்.

மேலும், எம் பக்கத்து நிலத்தின் இயல்பும் நோக்கத்தக்கது. பரங்கிமலை, பல்லாவரம் முதலிய குன்றுகளின் பாறை, உலகப் புவியியலார்க்கு அறிமுகமானது. 1893-ஆம் ஆண்டில் தாமஸ் ஹாலந்து என்பார் இதற்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். கல்கத்தாவில் ஜோப் சார்னாக் என்பவரின் கல்லறை இக்கல்லால் ஆனமையே அப்பெயருக்குக் காரணம். இக்கடும்பாறையினுள் நீர் தேங்க இடமில்லை. பாறை மட்கிய மேற்படலத்திலும், கீழேயுள்ள வெடிப்புக்களிலுமே நீர் தங்கும். அவ்வெடிப்புக்கள் மழையால் நிறைதல் வேண்டும். நிறையும் விரைவு ஒன்று. எடுக்கும் விரைவு மற்றொன்று. பின்னது முன்னதை விஞ்சின், துளை எத்துணை ஆழமாயினும் ஒருநாள் காற்றே வரும்.

2019-ஆம் ஆண்டுக் கோடையில் இஃது எம் தெருவில் மெய்யாயிற்று. அவ்வாண்டு சூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்னும் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. சென்னையின் தாகம் உலகச் செய்தியாயிற்று. எம் தெருக் கோடியில் ஒரு மனையில் ஐந்து எச்.பி. மோட்டார் இரவு பகலாக ஓடிற்று. லாரிகள் வரிசையில் நின்று நீர் நிரப்பிச் சென்றன. அம்மனைக்கு அடுத்த வீட்டில் தனியே வாழும் பெரியம்மா ஒருவர் இருந்தார். அவர் மோட்டார் வைத்தவரல்லர். பழைய உறைக்கிணற்றில் வாளியிட்டு இறைப்பவர். அக்கிணறு எந்தக் கோடையிலும் வற்றியதில்லை என்பது தெருவார் பெருமை. லாரிகள் வந்த மூன்றாம் வாரத்தில் அவர் வாளி சேற்றில் இடித்தது. தெருக்குழாயில் நீர் வராத நாட்களில் அவர் குடத்தோடு வீடு வீடாக நிற்கலானார். பிறர்க்கு இறைத்துக் கொடுத்த கை பிறரிடம் ஏந்திய அக்காட்சி எம் தெருவாரை உறுத்திற்று.

பிள்ளையார் கோயில் திண்ணையில் தெருவார் கூடினர். நாமும் பெரிய மோட்டார் வைத்துவிட வேண்டும், இல்லையேல் அவர்களே முழுதும் எடுத்துவிடுவர் என்றார் ஒருவர். ஆமென்றனர் பலர். தெருவில் எல்லார்க்கும் மோட்டார் பழுதுபார்க்கும் முதிய மெக்கானிக் ஒருவர் ஓரமாய் நின்றிருந்தார். எம் தந்தையார் அவரை நோக்கி, "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். "ஐயா, பெரிய மோட்டார் போட்டால் எனக்கு வேலைதான். ஆனால் மோட்டார் தண்ணீரைத் தூக்கும், தண்ணீரைக் கொண்டுவராது. அடியில் ஒரே தட்டு. நீங்கள் பெரிய கரண்டி போட்டால் சோறு பெருகாது, சீக்கிரம் தீரும்," என்றார் அவர். திறனுக்கும் இருப்பிற்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாக எந்நூலிலும் யாம் படித்ததில்லை.

தெருவார் மனையுடையாரைக் கண்டு பேசினர். அவர் எளிதில் இசைந்தாரல்லர். தம் நிலம், தம் மோட்டார் என்றார். பத்து நாளில் அவர் துளையும் காற்றைத் தள்ளலாயிற்று. ஐந்து எச்.பி. முழங்கிற்று, நீர் வரவில்லை. லாரிகள் தாமே நின்றன. அதற்குள் பெரியம்மாவின் கிணற்றோடு வேறு மூன்று கிணறுகளும் வறண்டிருந்தன. ஒருவர் வென்று ஒருவர் தோற்ற போட்டி இஃதன்று. எல்லாரும் தோற்றதே முடிவு.

இதன்பின் நிகழ்ந்தது சிறியதாயினும் சொல்லத்தக்கது. வறண்ட கிணற்றை மண்ணிட்டு மூடி அதன்மேல் வண்டி நிறுத்தலாம் என்னும் எண்ணம் சிலர்க்கு இருந்தது. மெக்கானிக்கும் எம் தந்தையாரும் அதனைத் தடுத்தனர். 2003-ஆம் ஆண்டிலேயே மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டுக் கட்டடங்களுக்குக் கட்டாயமாயிற்று. ஆயின் பல வீடுகளில் குழாய் பெயரளவில் நின்றது. தெருவார் ஆள் வைத்துப் பெரியம்மாவின் கிணற்றில் தூர்வாரினர். பக்கத்து நான்கு வீட்டு மொட்டைமாடிக் குழாய்களை மணலும் சல்லியும் இட்ட தொட்டி வழியே அக்கிணற்றிற்குத் திருப்பினர். ஒரு மாடியின் பரப்பு 100 சதுர மீட்டராயின், பத்து சென்டிமீட்டர் மழையில் அதன்மேல் விழும் நீர் 10,000 லிட்டர். எம் மாடித் தொட்டியைப் போலப் பத்துத் தொட்டி. இதனை இறக்க ஒரு வாட் திறனும் வேண்டுவதில்லை. கதிரவன் கடலினின்று தூக்கிய நீர், தானே விழுகின்றது. மோட்டார்களை எல்லாரும் ஒரே நேரத்தில் ஓட்டாது முறைவைத்து ஓட்டுவதென்றும் பேசி முடித்தனர். அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழைக்குப் பின் பெரியம்மாவின் வாளி மீண்டும் நீரில் முழுகிற்று.

திறனைப் பழித்து இதனை எழுதினோம் என்று எவரும் கொள்ளற்க. 2015-ஆம் ஆண்டு திசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர்ப் பக்கத்து வீடுகள் நீரில் நின்றபோது, தேங்கிய நீரை வெளியேற்ற மோட்டார்களே கைகொடுத்தன. அங்கே விரைவே வேண்டியிருந்தது. நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டிக்கும், நெருப்பணைக்கும் பம்புக்கும் குதிரைத்திறன் மிகுதியாய் இருத்தல் நன்று. விரைவு வேண்டுமிடத்தில் விரைவை அளக்கும் அளவை பயன்படும். இருப்பை அறியவேண்டிய இடத்தில் அதனைக் கொண்டு சென்றால், அஃது உண்மையையே கூறும்; ஆயின் நாம் கேட்ட கேள்விக்கு விடையாக இராது. சேர் அளக்கும் படியால் துணியை அளப்பது போன்றது அது.

கல்லூரியில் பயிலும் நம் இளைஞர்க்கு இவ்வேறுபாடு கிணற்றோடு நிற்பதன்று. ஒரே இரவில் எத்தனை பக்கம் படித்தோம், ஒரு மணியில் எத்தனை வினாவுக்கு விடை எழுதினோம் என்பவை திறனின் அளவுகள். நெஞ்சில் என்ன தங்கிற்று என்பது வேறோர் அளவு. இரண்டும் வேண்டுவனவே, ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளுதல் தகாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் மொழி. ஆற்றிலிருந்து எடுப்பதற்கும், நிலத்தடியிலிருந்து எடுப்பதற்கும் அம்மொழி பொருந்தும். அளக்கப் புகுமுன் எதனை அளக்கின்றோம் என்று தெளிதல் அதனினும் முற்பட வேண்டுவது. கடையில் நின்று எத்தனை எச்.பி. வேண்டும் என்று கேட்கும் அன்பர், கயிற்றில் ஒரு கல்லைக் கட்டித் தம் கிணற்றில் விட்டு, எத்தனை முழம் நனைந்தது என்று பார்த்துவிட்டு வருவாராக.